குட்டி கண்டுபிடிக்காத கதை

எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எழுத்து ஓடும். காலையில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். அந்த நேரத்தில் பால் பொங்குவதையும் துணி காய்வதையும் தவிர வேறெதிலும் என் மனம் நிற்காது. சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் நாலைந்து பக்கம் தானாக வந்துவிடும். அப்படித்தான் ஒன்பது நாவல்களையும் எழுதினேன். இன்று நீங்கள் என்னை மதியத்தில் உட்கார வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று, இன்ஸ்பெக்டர். கோர்வையாகச் சொல்ல முடியும்.

உங்கள் மனைவி என் கதைகளைப் படிப்பார் என்றீர்கள். எந்தப் புத்தகம் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் படித்ததில்லை என்பதால் சொல்கிறேன். ஒன்பதும் ஒரே தொடர். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள், அவற்றின் நடுவே ஒயின் ஆலைகள், அந்த ஊரில் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரம்மா. யார் வீட்டுக்கு யாரிடமிருந்து கடிதம் வரும், யார் வீட்டுக்கு வரவே வராது என்று அவளுக்குத் தெரியும். அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவாள். புத்தகத்துக்கு ஒரு கொலை. ஆறாவதில் மட்டும் இரண்டு, அது பதிப்பாசிரியரின் ஆசை.

நான் ஒயின் குடிப்பதில்லை. ஒரு மடக்கிலேயே தலை வலிக்க ஆரம்பித்துவிடும். ருசி பார்ப்பதெல்லாம் குட்டியின் பொறுப்பு. அவள் வாயில் வைத்துக் கொப்பளித்து, கண்ணை மூடி, "ஈரமண்ணு வாசனை அக்கா, அப்புறம்... பழைய பெல்ட்டு" என்பாள். நான் எழுதிக்கொள்வேன். விமர்சகர்கள் என் வர்ணனைகளைப் புகழ்ந்தார்கள்.

குட்டி என் தங்கை. ஐம்பத்து மூன்று வயதிலும் வீட்டில் அவள் குட்டிதான். எனக்குக் கல்யாணம் வாய்க்கவில்லை. அவளுக்கு வாய்த்தது நிலைக்கவில்லை. ஒரு பெட்டியும் ஒரு மீன்தொட்டியுமாக என் வீட்டுக்கு வந்தாள். முதல் நாவல் அப்போது பாதியில் இருந்தது. அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. எந்த மருத்துவரின் கையெழுத்தையும் படித்துவிடுவாள், என்னுடையதையும்.

ஒவ்வொரு நாவலுக்கும் முதல் வாசகி அவள்தான். கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பால்கனி நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்துவிடுவாள். நான் சமையலறையில் ஏற்கெனவே துடைத்த மேடையைத் திரும்பத் துடைத்துக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வருவாள்.

"ஐயோ அக்கா, அந்த டாக்டரா! கனவுல கூட நெனக்கலயே. எனக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு, தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்ப்பேன். உண்மையாகவே சில்லென்று இருக்கும். பால்கனியில் காற்று அதிகம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அது மட்டுமில்லை. கதையில் வரும் காரியங்கள் நடக்கக்கூடியவைதானா என்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்கும் அவள்தான். மூன்றாவது நாவலுக்காக, அறுவடைக்கு அறுவடை நாங்கள் போய்த் தங்கும் ஒயின் தோட்டத்தில் ஒரு காலிப் பீப்பாய்க்குள் இறங்கினாள். இறங்க முடிந்தது, ஏற முடியவில்லை. தோட்டத்துக்காரரும் அவருடைய ஓட்டுநரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்க, அவள் உள்ளிருந்தபடி, "மெதுவாங்க, நான் இன்னும் சாகல, அது அஞ்சாவது அத்தியாயத்துல" என்றாள். நாங்கள் எல்லாரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். ஒருத்தி இன்னொருத்திக்காக இவ்வளவு செய்வாளா என்று நான் நெகிழ்ந்துபோன நாட்கள் உண்டு. இதை மறைக்கவில்லை. அவள்மேல் எனக்குப் பிரியம் இல்லையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்பதாவது நாவல் வெளிவந்த அன்று பதிப்பகத்தில் சின்னதாக ஒரு கூட்டம். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். நான் கையெழுத்துப் போட்டுக் களைத்து, கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே தேநீர் வைக்கும் இடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். மறுபக்கம் குட்டியும் பதிப்பாசிரியரும் நின்றிருந்தார்கள்.

"நமக்குள்ள இருக்கட்டும். நீங்க எந்த எடத்துல கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் அவர்.

குட்டி சிரித்தாள். "மூணாவது அத்தியாயம். எப்பவுமே மூணாவதுதான். அக்கா யாரை ரொம்ப நல்லவங்களா காட்டறாளோ, அவங்கதான் கொலைகாரங்க."

"அட, நானும் அப்படித்தாங்க கண்டுபிடிக்கறேன்."

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டிருப்பா, பாவம். அவளுக்கு வேற என்ன இருக்கு?"

குழாயை மூடிவிட்டு நின்றேன். கையைத் துடைக்க அங்கே துண்டு இல்லை. சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் முன்பக்கம் வந்து, மீதியிருந்தவர்களுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

வாடகைக் காரில் திரும்பும்போது குட்டி என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் ஒன்பது புத்தகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த 'ஐயோ அக்கா'. நெஞ்சில் கட்டை அணைக்கிற விதம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே கை. நாலாவது நாவலைப் படித்துவிட்டு ஒரு வாரம் குளியலறை விளக்கை அணைக்க விடமாட்டேன் என்றாளே, அதுவும் நடிப்பு. இவ்வளவு வருஷமாக என் வீட்டில், என் மேசையில், எனக்கு எதிரே ஒரு நடிகை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பதிப்பாசிரியர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சம்பளத்துக்குப் புகழ்கிறவர். அது தொழில். குட்டிக்கு யாரும் சம்பளம் தரவில்லையே. அவள் இலவசமாக என்னை ஏமாற்றினாள்.

நீங்கள் கேட்கலாம், நேராகவே கேட்டிருக்கக் கூடாதா என்று. யோசித்தேன். கேட்டால் அவள் அழுவாள். காலைப் பிடிப்பாள். "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்பாள். அதைக் கேட்க என்னால் முடியாது. பரிதாபப்படுகிறவர்களோடு வாதாட முடியாது, இன்ஸ்பெக்டர், அதற்கும் சேர்த்துப் பரிதாபப்படுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஒரு தடவையாவது, அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

அறுவடை தொடங்கியதும் வழக்கம்போலத் தோட்டத்துக்காரரின் விருந்தினர் அறையில் போய்த் தங்கினோம். பத்தாவது நாவலை ஆரம்பித்திருந்தேன். இந்த முறை முழுதும் முடித்துத்தான் தருவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "ஏன்?" என்றாள். "சும்மாதான்" என்றேன்.

அந்த ஆலையில் இரண்டு நிலவறைகள். மேலே தொட்டிகள், கீழே பழைய பீப்பாய்கள். பிழிந்த சாறு தொட்டியில் நுரைத்துப் பொங்குகிற நாட்களில் அதிலிருந்து கரியமில வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனம், தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து இறங்கும். நிறமில்லை. தோட்டத்துக்காரரின் அப்பா காலத்தில் ஒரு கூலியாள் கீழே போனவர் திரும்பவில்லையாம். அதற்குப் பிறகுதான் வாயுவை வெளியே இழுக்கும் பெரிய மின்விசிறி வைத்தார்கள். சாறு பொங்கும் காலத்தில் விசிறி ஓடாமல் யாரும் கீழே போகக் கூடாது, போனாலும் கதவருகே இன்னொருவர் நிற்க வேண்டும். இதையெல்லாம் அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். குட்டி அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த நாட்களில் நான் அவளிடம் நன்றாகவே நடந்துகொண்டேன். அறுந்துபோன அவள் கைப்பையின் வாரைத் தைத்துக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிக் கொடுத்தேன். சன்னல் பக்கத்துக் கட்டிலை விட்டுக் கொடுத்தேன். ஒருநாள் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள்.

"என்னக்கா, இப்பல்லாம் ரொம்ப நல்லவளா இருக்க?"

"எப்பவும் கெட்டவளா?"

"இல்ல, ரொம்ப நல்லவளா இருக்கன்னு சொன்னேன்" என்றாள். பிறகு ரப்பர் பட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

இதை நானாகத்தான் உங்களிடம் சொன்னேன். காலையில் வாய்வார்த்தையாகச் சொன்னதிலிருந்து நீங்கள் இதையே பிடித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை.

அன்று ஆட்களெல்லாம் மேல்சரிவில் கடைசி வரிசைகளைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்காரரும் அங்கேதான். நான் விசிறியைக் காலையிலேயே நிறுத்திவிட்டேன். பக்கத்தில் சாறு இறைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் குட்டியிடம் சொன்னேன்: கீழ் அறையில் மாட்டிக்கொண்ட ஒருத்தி கத்தினால் முற்றத்தில் கேட்குமா என்று பார்க்க வேண்டும்.

"இந்தத் தடவ சாகறது யாரு, நானா?" என்றாள்.

"அதச் சொன்னா கண்டுபிடிச்சிடுவியே."

என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையையும் கண்ணாடியையும் மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். "வா, சட்டுனு முடிச்சிடலாம்."

படி இறங்கும்போது, "என்னன்னு கத்தறது?" என்று கேட்டாள். எதையாவது சொல் என்றேன். நான் படிக்கு மேலேயே நின்று கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டேன். அது பழைய மரக்கதவு, நாலு விரல் கனம். அவள் மாத்திரைப் பெயர்களாகக் கத்த ஆரம்பித்தாள். சளிக்கு, காய்ச்சலுக்கு, ரத்தக் கொதிப்புக்கு என்று வரிசையாக. நடுநடுவே, "காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் பெயர்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது. ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு படியில் அவள் ஏறிவரும் சத்தம், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நின்று நின்று. கதவைத் தட்டினாள். ஒரே ஒரு தடவைதான்.

"அக்கா, காத்து சரியில்ல. நீ உள்ள வராத."

நான் கதவில் காதை வைத்தேன்.

"கேக்குதா? கதவத் தொறக்காத. போய் யாரையாவது கூட்டிட்டு வா. நீ மட்டும் உள்ள வந்துடாத."

குரல் தரையிலிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. கதவருகே ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. நான் நின்றேன். சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆன பிறகு தாழ்ப்பாளை நீக்கினேன், விசிறியைப் போட்டேன், அறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு படுத்தேன். தோட்டத்துக்காரர்தான் அவளைப் பார்த்தார். விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் எங்கேயோ குழாய் அடைத்திருக்கும் என்று அவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். விபத்து என்று நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

நான் காத்திருந்தேன். யாராவது வருவார்கள், எங்கேயோ ஒரு இழை பிசகுகிறதே என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழுதார், "என்ன கொடுமையான விபத்துங்க" என்றார். எனக்குச் சலிப்பாக இருந்தது. மூன்றாவது அத்தியாயத்திலேயே பிடித்துவிடுகிறவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? அதனால்தான் நானே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று தட்டச்சு செய்கிறவர் போட்டிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

விசிறியை நிறுத்தியது நான். தாழ்ப்பாளைப் போட்டதும் நான். என் தங்கையைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை. தோட்டத்துக்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

அவள் என்னை உள்ளே வராதே என்றாள். என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். கொல்கிறவள் நான்தான் என்று தெரிந்திருந்தால் ஒருத்தி அப்படிச் சொல்வாளா? நிச்சயம் தெரியாது. என் எழுத்து வாழ்க்கையில் அந்த ஒரு முறை அவள் நடிக்கவில்லை.

நீங்கள் திரும்பவும் அதையே கேட்கிறீர்கள். இதோடு மூன்றாவது தடவை. தெரிந்தேகூட அவள் இறங்கியிருக்கலாமே, எனக்காக, உள்ளே வராதே என்பதையும் தெரியாத மாதிரியே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் குட்டியை உயிரோடு பார்த்ததுகூட இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் இந்தக் கேள்வியை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.