கர்னல் கண்ணுல ஒரு வெள்ளைப் பொட்டு

இல்ல ஒரிஹாரா சான், மறதியும் இல்ல, கை தவறியும் விழல. நாப்பது வருஷமா இந்தக் கார்ட்டூன் கம்பெனி நாற்காலியில ஒக்காந்து கலர் சரிபார்க்கறவ நான். நான் பார்த்து அனுப்பின படத்துல ஒரு வெள்ளைப் பொட்டு தானா வந்து ஒக்காந்துக்காது. நாந்தான் வெச்சேன். அந்தக் கதவச் சாத்திட்டு இப்படி ஒக்காருங்க. எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க, வர முக்கா மணி நேரமாகும். அதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன்.

தயாரிப்பாளரா நீங்க பத்திரிகைக்குக் குடுத்த பேட்டியப் படிச்சேன். நல்லாத்தான் பேசியிருக்கீங்க. நம்ம டிவி தொடர்ல ஏழாவது வாரத்துல கர்னல் ஓர்தென் அந்த ஊரக் கொளுத்தச் சொல்றப்பவே அவர் கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் வெச்சோம், பின்னால அவர் நல்லவங்க பக்கம் வரப்போறார்ங்கறதுக்கு அப்பவே ஜாடை காட்டினோம்னு. வெச்சோமாம். நீங்க அத அன்னிக்குப் பார்க்கவே இல்ல. ரசிகப் புள்ளைங்க கண்டுபிடிச்சு இன்டர்நெட்டுல போட்டப்புறம்தான ஒங்களுக்கே தெரியும்? சிரிங்க, சிரிங்க. மோட்டார் சைக்கிள்ல படம் தூக்கிக்கிட்டு மழையில நனைஞ்சு வந்த காலத்துலேர்ந்து ஒங்களத் தெரியும். நீங்க முழிக்கற முழி எனக்குப் புதுசில்ல.

பேட்டி நாளைக்கு அச்சுக்குப் போகுதுன்னீங்க. கடையில விக்கறதுக்குத் தொடரப் போடற டிஸ்க்கும் நாளைக்குத்தான் போகுது. நான் கேக்கறது இவ்வளவுதான். பேட்டியில அந்த வரிய எடுத்துடுங்க. டிஸ்க்குக்குப் போறதுக்கு முன்னாடி அந்தப் பொட்ட அழிக்க எனக்கு அனுமதி குடுங்க. பத்து நிமிஷ வேல.

இருங்க, அவசரப்படாதீங்க. மொதல்ல டீயக் குடிங்க.

ஒங்களுக்குத் தெரியாத விஷயமில்ல, இருந்தாலும் சொல்றேன். கெட்டவன்னா கண்ணுல பொட்டு வைக்க மாட்டோம். கருவிழி கருப்பாவே கெடக்கும். அவன் திருந்திட்டான்னா வசனமே வேண்டாம், ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு போதும். எந்த எடத்துக்கு என்ன கலர்னு ஓர்தெனுக்கு ரெண்டு கலர் ஷீட்டு போட்டோம் இல்லையா? பத்தொன்பதாவது வாரத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. எத்தன கர்னலுக்கு, எத்தன தளபதிக்கு இந்தக் கையால பொட்டு வெச்சிருப்பேன் தெரியுமா? எல்லாருக்கும் ஒரே வழிதான். மொதல்ல ஊரு எரியும். அப்புறம் ஒரு மழை. சின்ன வயசுல செத்துப்போன தங்கச்சி ஒருத்தி ஞாபகத்துல வருவா. சட்டைக் காலர்ப் பொத்தானக் கழட்டுவார், முடி நெத்தியில வந்து விழும். ஒரு கொழந்தைக்காகத் தோள்ல குண்டு வாங்குவார். அடுத்த வாரம் பார்த்தா சமையல்காரங்க மாதிரி ஏப்ரன் கட்டிக்கிட்டு நம்ம ஹீரோ பசங்களுக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு இருப்பார். அதுக்கப்புறம் அவர் மொகம் போட்ட டீக்கப்பு கடைக்கு வந்துடும்.

ஊரு எரியறதுக்கு நாம குடுத்தது நாப்பது செகண்டு. அவர் கேரட் வெட்டறதுக்கு ரெண்டு நிமிஷம். நான் அளந்துதான் சொல்றேன், அந்த ரெண்டையும் பார்த்தவ நான். ஓர்தென் தொப்பிக்கு மட்டும் ஒம்போது கலர். எரிஞ்சு செத்தவங்களுக்கு ஷீட்டுல பேரு கூட கெடையாது. ஊர்க்காரர் ஒண்ணு, ஊர்க்காரர் ரெண்டு. கிழவிக்கு ஊர்க்காரர் ஆறு.

இந்தக் கட்டு லெட்டர் எல்லாம் அந்தப் பொட்டுக்காக வந்தது. முந்நூறுக்கு மேல இருக்கு. ஆவொமொரியிலேர்ந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கா, பதினாறு வயசு. கொளுத்தச் சொல்றப்பவே கர்னல் மனசுக்குள்ள அழுதுக்கிட்டுதான் இருந்திருக்கார், அந்த வெளிச்சமே சாட்சி, அதனால நான் அவர மன்னிச்சுட்டேன்னு. பதினாறு வயசுப் பொண்ணு அம்புட்டு சுலபமா மன்னிச்சுட்டா, அதுக்குத் துணைக்கு என் பொட்டு.

என்ன கேட்டீங்க? மனுஷன் மாறக்கூடாதான்னா? மாறலாமே. மாறின ஒருத்தர் சோத்தத் தின்னு வளர்ந்தவ நான்.

எங்கப்பாவச் சொல்றேன். குமகாயாவுல சைக்கிள் கடை வெச்சிருந்தார். பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்குப் பஞ்சர் ஒட்டினா காசு வாங்க மாட்டார். கோடைத் திருவிழாவுல வேர்த்து விறுவிறுத்து நின்னு தெருப் பசங்களுக்கெல்லாம் நூடுல்ஸ் வறுத்துக் குடுப்பார். எங்க மேல ஒரு நாளும் கை ஓங்கினதில்ல, சத்தம் போட்டதில்ல. அவர் செத்தப்ப ஊதுவத்தி ஏத்த வந்த கூட்டம் தெருமுனை தாண்டி நின்னுச்சு. நடிப்புன்னு நெனைக்காதீங்க. நல்லவர்தான் அவர். நான் சத்தியமா சொல்வேன்.

ஆசுபத்திரியில கெடந்த கடைசி மாசத்துலதான் பேச ஆரம்பிச்சார். சண்டைக் காலத்துல சயாம் எல்லையில ரயில் பாதை போட்ட நம்ம நாட்டுப் பட்டாளத்துல இருந்திருக்கார். இருபத்திரெண்டு வயசு, சின்ன அதிகாரி. வேலைக்கு மலேயா ரப்பர் தோட்டத்துலேர்ந்து இந்தியக் கூலிகளக் கொண்டு வந்திருந்தாங்களாம், பொண்டாட்டி புள்ளைங்களோட. முகாம்ல காலரா வந்துடுச்சு. வியாதிக்காரங்களப் போட்டிருந்த குடிசையக் கொளுத்தச் சொல்லி எங்கப்பாவுக்கு உத்தரவு. செத்தவங்க மட்டும்தான் உள்ள இருக்காங்கன்னு மேலதிகாரிங்க எழுதிக்கிட்டாங்க. அப்படி இல்லன்னு அப்பாவுக்குத் தெரியும். கொளுத்தினார்.

ராத்திரி பகல்னு இல்லாம ஒரே ஒரு வார்த்தையச் சொல்லிக்கிட்டே கெடப்பார். தண்ணி, தண்ணி. நம்ம பாஷை இல்லையே, என்னப்பா அது, யாரு பேருன்னு கேட்டேன். பேரு இல்ல ஹிஸாயே, குடிசைக்கு உள்ளேர்ந்து அவங்க பாஷையில குடிக்கக் கேட்டாங்கன்னார். சொல்லிட்டு அந்தப் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டார். நர்ஸ் டம்ளர் கொண்டு வந்தா வாங்க மாட்டார்.

அப்புறம் கடையக் காலி பண்றப்ப ஸ்பேனர் பெட்டிக்கு அடியில ஒரு போட்டோ கெடச்சுது. குடிசை வரிசைக்கு முன்னாடி அப்பா நிக்கறார், வாயில சிகரெட்டு, சிரிப்பு. ரெண்டு கண்ணுலயும் வெயில் பட்டு நல்லா மின்னுது. நாம வரையற மாதிரி கருப்பா இல்ல ஒரிஹாரா சான். கொளுத்தறவன் கண்ணும் ஒங்க கண்ணு, என் கண்ணு மாதிரிதான் இருக்கும். அதப் புள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்னுதான் வெச்சேன். இதுதான் காரணம்னு இத்தன மாசமா எனக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

வேண்டாம், அத வெச்சுப் பேட்டிய மாத்தி எழுதலாம்னு யோசிக்காதீங்க. மொகத்துலயே தெரியுது. எங்கப்பாவப் பத்திரிகையில போட்டா நான் இந்தக் கம்பெனி வாசப்படி மிதிக்க மாட்டேன்.

கர்னல் திருந்தட்டும். கேரட் வெட்டட்டும், யார் வேண்டாம்னா? பத்தொன்பதாவது வாரத்துலேர்ந்து இருக்கற பொட்ட நான் தொட மாட்டேன். ஏழாவது வாரத்துல மட்டும் வேண்டாம். அந்த எடத்துல அவர் செஞ்சது மட்டும் இருக்கட்டும்.

படிக்கட்டுல சத்தம் கேக்குது, வந்துட்டாங்க போல. கொஞ்சம் நகருங்க, கம்ப்யூட்டரப் போடறேன். ஆங், இதுதான் அந்த ஷாட்டு.

புள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்னு வெச்சேன்னு சொன்னேனே, அந்தக் காரணம் பொய். அன்னிக்கு இந்தப் படம் எங்கிட்ட வந்தப்ப கண்ணு ரெண்டும் செத்துக் கெடந்துச்சு. கடைசி மாசத்துல ஆசுபத்திரியில பார்த்த எங்கப்பா மொகம் மாதிரி இருந்துச்சு, என்னால பார்க்க முடியல, வெச்சுட்டேன். அவ்வளவுதான். அந்த ஆவொமொரிப் பொண்ணு தப்பாப் படிக்கல. நான் எங்கப்பாவ மன்னிச்சதத்தான் அவ கண்டுபிடிச்சிருக்கா. ஆனா அத மன்னிக்க வேண்டியது நானில்லையே, குடிசைக்குள்ள இருந்தவங்கதான. நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க. வெச்சது நான், நானே எடுத்துடறேன்.