பதினாறில் ஒரு பங்கு

கொத்தனார்: நாலாயிரத்து முந்நூத்தம்பது.

கடைக்காரர்: வாங்க கொத்தனாரே, வாங்க... உள்ள வந்து உக்காந்துட்டு ஆரம்பிக்கக் கூடாதா?

கொத்தனார்: ஏழு மாசமா உக்காந்துட்டுத்தான் போயிருக்கேன். இன்னைக்கு நின்னு பார்க்கறேன்.

கடைக்காரர்: நானும் ஏழு மாசமா ஒரே பதிலைத்தான் சொல்றேன். பின்னாடி ஸ்டுடியோச் சுவத்துல அலை இருக்கு. படம் பிடிக்க வர்றவங்க முதுகுக்குப் பின்னாடி கடல் தெரியுது.

கொத்தனார்: கடலா?

கடைக்காரர்: கடல்தான். பூசினது நீங்க. சுவரு நேரா இருந்திருந்தா மீதிக் காசை அன்னைக்கே... ஆமா, இது யாரு கூட?

கொத்தனார்: வீட்டுக்காரி.

மனைவி: வணக்கம்ண்ணே.

கடைக்காரர்: வாம்மா தங்கச்சி. காசு வாங்கத் துணைக்கு வந்தியா?

மனைவி: காசு வேண்டாம்ண்ணே. ஃப்ளாஷ் வேணும்.

கடைக்காரர்: என்னது?

மனைவி: கழுத்துல கேமரா தொங்குதே, பார்க்கலையா?

கடைக்காரர்: நான் ஏதோ சாப்பாட்டு டப்பான்னு நெனச்சேன்.

கொத்தனார்: பழசா இவ வாங்கிட்டு வந்த அன்னைக்கு நானும் அப்படித்தான் நெனச்சேன். விலையைக் கேட்டப்புறம்தான் கேமரான்னு புரிஞ்சுது.

மனைவி: வீட்டுப் புரோக்கர் ஒருத்தர் வேலை குடுத்திருக்காருண்ணே. வாடகைக்கு விடற வீடு பன்னெண்டு. நாளைக் காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு எல்லா அறையும் பிடிச்சுக் குடுக்கணும்.

கடைக்காரர்: நல்ல வேலைதானே.

மனைவி: நல்ல வேலைதான். ஜன்னலுக்குச் சரியா வச்சா அறை கருப்பாயிடுது. அறைக்குச் சரியா வச்சா ஜன்னல் வெளுத்துடுது. ஃப்ளாஷ் இல்லாம வராதே, வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டாரு.

கடைக்காரர்: அவரு சொல்றது நியாயம்.

மனைவி: நியாயம்தான். அதான் வந்தோம். நீங்க காசு குடுக்க வேண்டாம். அந்த அளவுக்குச் சாமானாக் குடுத்துடுங்க, கணக்குத் தீர்ந்துடும்.

கடைக்காரர்: அது எப்படிம்மா? சுவத்துல அலை...

மனைவி: அலை அங்கேயே அடிச்சுக்கிட்டு இருக்கட்டும்ண்ணே. முதல்ல சாமானைக் காட்டுங்க.

கடைக்காரர்: காட்டறதுக்கு என்ன, காசா பணமா... இந்தா. பதினோராயிரம். எல்லாம் ஆட்டோமேட்டிக். எவ்வளவு வெளிச்சம் வேணும்னு அதுவே பார்த்து அடிச்சுக்கும். மீதியைத் தவணையில...

கொத்தனார்: நான் கேக்கறதுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு குளியலறை பூசின கூலி நிக்குது.

மனைவி: நான் கேமரா மேல மாட்டப் போறதில்லண்ணே. தனியா எடுத்துக் கதவுக்குப் பின்னாடி வைப்பேன், அலமாரி மேல வைப்பேன். தள்ளி வச்சா உங்க ஆட்டோமேட்டிக் என் கேமராகூடப் பேசாது.

கடைக்காரர்: பேச வைக்கத் தனியா ஒரு ரிமோட் இருக்கு. நாலாயிரம்.

கொத்தனார்: பேசாமலே இருக்கட்டும்.

மனைவி: மேனுவல் குடுங்க. முழுசு, பாதி, கால், அரைக்கால், பதினாறுல ஒரு பங்குன்னு நான் கையால குறைச்சுக்கறேன். தலை மட்டும் மேலேயும் பக்கத்துலயும் திரும்பணும்.

கடைக்காரர்: ஓ... விவரமாத்தான் வந்திருக்கே.

கொத்தனார்: ரெண்டு மாசமா எனக்குச் சோத்தோட இதைத்தான் பரிமாறுறா. ஆனா ஒண்ணு, அவ சொல்றது சரி. சாந்துக்கு எவ்வளவு தண்ணின்னு சாந்தா சொல்லும்? கைதான் சொல்லணும்.

கடைக்காரர்: மேனுவல்னா ரெண்டு இருக்கு. பெருசு நாலாயிரத்துத் தொள்ளாயிரம். சின்னது மூவாயிரத்து அறுநூறு. தூரத்துல இருந்து அடிக்க வைக்கற ட்ரிக்கர் தனி. ஆயிரம்.

மனைவி: தங்கச்சின்னு கூப்பிட்டீங்களேண்ணே.

கடைக்காரர்: அதனாலதான் ஆயிரம். இல்லேன்னா ஆயிரத்து இருநூறு.

மனைவி: சின்னதைக் குடுங்க. பேட்டரி போட்டிருக்கா? முழுசுல வச்சு அடிக்கறேன், அடுத்த அடிக்கு எத்தனை எண்ணுறதுக்குள்ள தயாராகுதுன்னு பார்ப்போம்.

கடைக்காரர்: அய்யோ! என் மூஞ்சியிலயா அடிப்பே?

மனைவி: ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... விளக்கு வந்துடுச்சு. நாலு பரவாயில்ல.

கடைக்காரர்: எனக்கு எதுவும் வரல. ஒரே பச்சையாத் தெரியுது.

மனைவி: இப்பப் பதினாறுல ஒண்ணு. ஒண்... வந்துடுச்சு. உடனே வருது.

கொத்தனார்: சுவத்துல அடிச்சுப் பாரு. கடைசியில நீ அடிக்கப் போறது சுவத்துலதானே.

கடைக்காரர்: அதுக்கென்ன, வெளிய தெருவுல...

மனைவி: வெயில்ல ஃப்ளாஷ் எப்படிண்ணே தெரியும்? பின்னாடிதான் பெரிய வெள்ளைச் சுவர் இருக்கே. இவரு பூசினது.

கடைக்காரர்: ...சரி. வாங்க. நாற்காலி இடிக்கும், பார்த்து.

மனைவி: முதல்ல கேமரா மேல மாட்டியே அடிக்கறேன். இந்தாங்கண்ணே, பாருங்க.

கடைக்காரர்: ஆகா. பளிச்சுன்னு இருக்கு. எடுத்துக்க.

கொத்தனார்: கடல் எங்க?

கடைக்காரர்: ஆங்?

கொத்தனார்: இதுல கடலைக் காணோமே. வத்திடுச்சா?

கடைக்காரர்: நேரா முன்னாடி இருந்து அடிச்சா எப்படித் தெரியும்? மேடு பள்ளம் எல்லாத்தையும் வெளிச்சம் ஒரே மாதிரி மெழுகிடும்ல.

கொத்தனார்: அப்ப எங்க இருந்து அடிச்சாத் தெரியும்? எங்க வேலையில பூசி முடிச்சதும் விளக்கைச் சுவரோட ஒட்டிப் பக்கவாட்டுல பிடிப்போம். அரிசி அளவு மேடு இருந்தாலும் நிழல் காட்டிக் குடுத்துடும்.

மனைவி: அதையேதான் நாங்களும் செய்யறோம். ஃப்ளாஷைக் கழட்டிப் பக்கத்துல வைக்கறது. ட்ரிக்கர் குடுங்கண்ணே.

கடைக்காரர்: இப்ப அது எதுக்கு... ஃப்ளாஷ் நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சே.

கொத்தனார்: உங்க கடலைத்தானே காட்டச் சொல்றோம். உங்களுக்கென்ன பயம்?

கடைக்காரர்: பயமா? எனக்கா? வைங்க, தாராளமா வைங்க. இந்தா, கதவுகிட்டயே நாற்காலி கெடக்கு. அது மேல வச்சு அடிங்க.

மனைவி: கதவுகிட்ட வேண்டாம்ண்ணே, ஆள் போற வழி. நான் தூக்கி ஜன்னலோரம் போட்டுக்கறேன்... ம். பதினாறுல ஒண்ணு. நகருங்க ரெண்டு பேரும்.

கடைக்காரர்: கதவுப் பக்கம் இருட்டாக் கெடக்கே. பாதிச் சுவருக்குத்தான் வெளிச்சம் எட்டியிருக்கு.

மனைவி: கடல்னா எல்லாப் பக்கமும் அலை இருக்கும்லண்ணே? பாதி பார்த்தாப் போதும்.

கொத்தனார்: அலை இல்லையே.

மனைவி: அலை இல்ல. ஆனா நடுவுல ஒரு தீவு இருக்கு.

கடைக்காரர்: எங்க? எனக்கு இன்னும் பச்சையாத்தான் தெரியுது.

கொத்தனார்: காட்டு... நெஞ்சு உயரத்துல. நாலு மேடு. நாலு மூலைக்கு நாலு. கடைக்காரரே, இங்க டிவி மாட்டினீங்களா?

கடைக்காரர்: ரெண்டே நாள்தான். சரியா வரலன்னு கழட்டிட்டேன்.

கொத்தனார்: ஓட்டையை எதை வச்சு அடைச்சீங்க?

கடைக்காரர்: உங்களைக் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். வந்தாப் பழைய பாக்கியக் கேப்பீங்களேன்னு...

கொத்தனார்: எதை வச்சு அடைச்சீங்க?

மனைவி: ஏங்க, சுவரைச் சுரண்டி எதுக்கு மோந்து பார்க்கறீங்க?

கொத்தனார்: புதினா.

மனைவி: என்ன?

கொத்தனார்: நான் சாந்துல புதினா கலக்கறதில்ல.

கடைக்காரர்: ...வெள்ளையா இருந்துச்சு. அவசரத்துக்குக் கையில அதுதான் கெடச்சுது.

மனைவி: பல்லு தேய்க்கற பேஸ்ட்டாண்ணே?

கடைக்காரர்: நல்ல கம்பெனிதான்மா.

கொத்தனார்: நீங்க சுவத்துக்குப் பல்லு தேய்ச்சு விட்டதுக்கு ஏழு மாசம் நான் கடல்ல நீந்தியிருக்கேன்.

கடைக்காரர்: சரி, விடுங்க கொத்தனாரே. அப்பக் கையில காசில்ல. இல்லேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சுவரு மேல பழியப் போட்டா சுவரு வந்து சண்டையா போடப் போகுதுன்னு...

கொத்தனார்: சுவரு போடாது. நான் வருவேன்ல.

கடைக்காரர்: இப்ப என்ன, தங்கச்சிக்கு ஃப்ளாஷ்தானே? பெருசையே எடுத்துக்கம்மா. மேல போற ஐநூத்தம்பதை மெதுவாக் குடு. இருங்க, அதையும் முழுசுல வச்சு ஒரு அடி அடிச்சுக் காட்டறேன். ஜன்னல்ல இருந்து கதவு வரைக்கும் சுவரு முழுக்க...

கொத்தனார்: வேண்டாம்.

மனைவி: வேண்டாம்ண்ணே.

கடைக்காரர்: என்ன, சொல்லி வச்ச மாதிரி ரெண்டு பேரும்?

மனைவி: பெருசு கனம்ண்ணே. அலமாரி விளிம்புல நிக்காது.

கொத்தனார்: பேட்டரி வேற வீணு.

கடைக்காரர்: பேட்டரி என்னோடதுய்யா.

கொத்தனார்: யாரோடதா இருந்தா என்ன, வீணுதானே.

மனைவி: சின்னதே போதும். சாதா பேட்டரி நாலுதான் கேக்குது, எந்தப் பொட்டிக் கடையிலயும் கெடைக்கும். மூவாயிரத்து அறுநூறு. ட்ரிக்கர் எழுநூத்தம்பது. கூட்டுங்க.

கடைக்காரர்: ட்ரிக்கர் ஆயிரம்னு சொன்னேனே.

கொத்தனார்: புதினா.

கடைக்காரர்: எழுநூத்தம்பது. மொத்தம்... நாலாயிரத்து முந்நூத்தம்பது. அடேங்கப்பா, வீட்டுலயே கணக்குப் போட்டுக்கிட்டு வந்தியா?

மனைவி: ரெண்டு மாசமாப் போட்டேன்.

கடைக்காரர்: இந்தா, நோட்டுல உங்க பேரை அடிச்சுட்டேன். போதுமா?

கொத்தனார்: அடிச்சாப் போதாது. பக்கத்துல எழுதுங்க... இருங்க, எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கறேன். பை... சல். ம், சரி.

கடைக்காரர்: அப்புறம்... அந்த நாலு மேட்டையும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுத்தா...

கொத்தனார்: ஞாயித்துக்கிழமை வர்றேன். காசு வேண்டாம். புதினாவைச் சுரண்டிட்டு, அப்படியே கதவோரமும் ஒரு கை பூசி விட்டுடறேன்.

கடைக்காரர்: கதவோரம் என்ன இருக்கு?

கொத்தனார்: ஒண்ணுமில்ல. சாந்து மிஞ்சும்ல, அதுக்குத்தான்.

கடைக்காரர்: காசில்லாமலா! உங்களைப் போய் ஏழு மாசம் அலைய விட்டேனே. மனசு கேக்கல கொத்தனாரே.

கொத்தனார்: பரவாயில்ல, கேட்டுக்கும். நாங்க வர்றோம்.

மனைவி: வர்றேண்ணே. படி பார்த்து இறங்குங்க... ஏங்க, தெருமுனையே வந்தாச்சு. இன்னும் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா எப்படி? அதான் தீர்ந்துடுச்சே.

கொத்தனார்: உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

மனைவி: சொல்லுங்க.

கொத்தனார்: பெருசை ஏன் வேண்டாம்னேன் தெரியுமா? அதுல முழுசா அடிச்சா வெளிச்சம் கதவு வரைக்கும் போயிருக்கும்.

மனைவி: போனா?

கொத்தனார்: கதவோரம் ரெண்டு அடி... அது நான் பூசல. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்துட்டேன்ல, அன்னைக்கு உன் தம்பி பூசினான். அங்க நெசமாவே கடல்தான். கோவமா?

மனைவி: தம்பி அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டான். பின்ன எதுக்குக் கதவுகிட்ட கெடந்த நாற்காலியத் தூக்கிக்கிட்டுப் போய் ஜன்னலோரம் போட்டேன்னு நெனச்சீங்க?