வெள்ளைச் சிலைக்குப் பொட்டு

பாளையங்கோட்டை போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு தோழிகள்.

“ஏட்டி, போன மாசம் எங்க அத்த அந்தச் சிலைக்குப் பொட்டு வச்சுட்டாவ,” என்றாள் சன்னலோரத்தில் இருந்தவள்.

“எந்தச் சிலை?”

“கையால செஞ்ச பீங்கான் சாமானா வீடு முழுக்க வெள்ளையிலயே அடுக்கிருக்கேம்லா. அதுல ஒரு பொம்பளச் சிலை. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வெறும் நெத்தியா இருக்கக் கூடாதாம்.”

“நீ சும்மாவா விட்ட?”

“துடைக்கணும்னு ஈரத்துணியோடதான் போனேன். அத்த கண்ணாடியப் போட்டுக்கிட்டு, பொட்டு நேரா இருக்கான்னு தள்ளி நின்னு பாத்துட்டு இருக்காவ.”

“அப்போ துடைக்கவே இல்லையா?”

“துடைக்காம? வாராவாரம் வியாழக்கிழம சாயங்காலம் துடைச்சு வச்சுருதேன். மறுநாக் காலைல அவிய புதுப்பொட்டு வைக்கணும்லா.”