பருந்து திருப்பிய விமானம்

கடலூரில் பஸ் கிளம்பியதும் முன் சீட்டில் ஒருவர் சொன்னது காதில் விழ, கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

“ஒரு பருந்தாலதான் மச்சான், வாப்பா மொகத்தப் பாக்க முடியாமப் போச்சு.”

பினாங்கிலிருந்து வருகிறவர். பக்கத்தில், அழைத்துப்போக வந்த தங்கை புருஷன்.

“பருந்தா?”

“கெளம்புன ஒடனே எஞ்சின்ல பூந்துடுச்சு. பைலட்டு அந்த எஞ்சின நிறுத்திட்டு பினாங்குலயே திருப்பி எறக்கிட்டாரு. ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு சிரிச்ச மொகமா எல்லாரு பெல்ட்டையும் இறுக்கிவிட்டுச்சு. எறங்குனதும் எல்லாரும் கை தட்டுனாங்க. நான்தான் அழுதேன். அடுத்த பிளேன் மறுநாளுன்னுட்டாங்க.”

“ஊர்ல சொல்லிடாதீங்க. அவ்ளோ பெரிய பிளேன ஒரு பருந்து திருப்புச்சான்னு சிரிப்பாங்க.”

“வாப்பா மய்யித்த எப்ப அடக்கத்துக்கு எடுத்தீங்க?”

“பிளேன் ஏறப்போறேன்னு தந்தி அடிச்சீங்கள்ல? அத நம்பி பொழுதடஞ்சு மஃரிப் தொழுகை வரைக்கும் வெச்சிருந்தோம். இதுக்கு மேல தாமதிக்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு. உம்மா வாசலயே பாத்துக்கிட்டிருந்தாங்க.”

பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் முட்லூரில் பஸ் நின்றது. தங்கை புருஷன் பையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“உம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க, மச்சான்?”

“தெரியல. மொதல்ல வாப்பாவ அடக்குன கபுருஸ்தானுக்குப் போவோம். வாப்பாகிட்ட சொல்லிப் பாக்குறேன்.”