மூன்றாம் தொட்டிக்கு வைத்த பொட்டு

சிராஜுதீன்: அதெல்லாம் இருக்கட்டும். உள்ள போயி என் டிவி மேல பழி போடப் போறியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு.

இராமதாஸ்: டீயக் குடி பாய். ஆறிப்போவுது.

சிராஜுதீன்: டீ கெடக்கட்டும்யா. நேத்து உங்க மேனேஜர் என் கடைக்கு ஆள் அனுப்பியிருந்தாரு. ‘சாயத் தொட்டிக்கு நீ மாட்டிக் குடுத்த பழைய டிவி தப்புத் தப்பா நம்பர் காட்டுது, சாயம் போட்ட துணி பூரா பாழாப்போச்சு’ன்னு. யாரு சொன்னது அப்படி?

இராமதாஸ்: நான் சொல்லல.

சிராஜுதீன்: பின்ன?

இராமதாஸ்: அவரே சொல்லிக்கிறாரு. இப்ப விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. ‘டிவி சரியில்ல’ன்னு நான் ஒரு வார்த்த சொன்னா எனக்கு வேலை இருக்கும். இல்லன்னா, ஆபரேட்டர் தொட்டிய ஒழுங்காப் பார்க்கலன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ரெண்டுல ஒண்ணு.

சிராஜுதீன்: அந்த ஒரு வார்த்த சொன்னா என் கதி? அத்தன டிவியும் காயலான் கடைக்குப் போவும். மெட்ராஸ்காரன் ஒருத்தன் காத்துக்கிட்டே இருக்கான், வெளிநாட்டுப் பொட்டிய இவங்க தலையில கட்ட.

இராமதாஸ்: தெரியும்.

சிராஜுதீன்: இன்னா தெரியும்? அந்த டிவிக்கு மூளையே கெடையாதுய்யா! மூளை ஏசி ரூம்ல, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. தொட்டி எவ்ளோ சூடுன்னு கணக்குப் பண்றது அது. என் டிவி, வயர்ல வர்றத அப்படியே காட்டும், அவ்ளோதான். ஒண்ணு புட்டுக்கிச்சின்னா இன்னொண்ணத் தூக்கி வச்சிட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம். வெள்ளிக்கிழம பாட்டுப் பார்த்து ஓஞ்சுபோன டிவிய்யா அதெல்லாம்... பொய் சொல்லக்கூடத் தெரியாது அதுக்கு.

இராமதாஸ்: எனக்கே பாடம் நடத்துறியா? தெனம் அதுங்க மூஞ்சியிலதான முழிக்கிறேன். என் பொண்டாட்டி மூஞ்சியக்கூட அவ்ளோ நேரம் பார்த்ததில்ல.

சிராஜுதீன்: சிரிக்கிற நேரமாய்யா இது? சரி, நீயே சொல்லு. மூணாவது தொட்டி அறுபது டிகிரி வந்ததும் நீராவி வால்வ மூடணும். தொண்ணூறத் தாண்டுற வரைக்கும் நீ இன்னா பண்ணிக்கிட்டிருந்த? தூங்குனியா?

இராமதாஸ்: தூங்கல. பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.

சிராஜுதீன்: பார்த்துமா வுட்ட?

இராமதாஸ்: மத்த மூணு தொட்டிக்கும் ஓடிட்டு வந்து பார்த்தேன். பின்னாடி நம்பரு ரெண்டுன்னு தெரிஞ்சுது. சரி, அம்பத்திரெண்டுதான் ஆவுது, இன்னும் நேரம் இருக்குன்னு நெனச்சிட்டேன். அது தொண்ணூத்திரெண்டு.

சிராஜுதீன்: முன்னாடி நம்பரு கண்ணுக்குத் தெரியலயா?

இராமதாஸ்: தெரியல.

சிராஜுதீன்: ஏன்?

இராமதாஸ்: அது மேல... பொட்டு இருந்துச்சு.

சிராஜுதீன்: பொட்டா?

இராமதாஸ்: ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சாங்கள்ல? டிவிக்கும் வச்சாங்க. மத்ததுக்கெல்லாம் மேல, மரச்சட்டத்துல. மூணாவது தொட்டி டிவிக்கு மட்டும் கண்ணாடியிலயே வச்சிருந்துச்சு. பெரிய பொட்டு. காஞ்சு கெட்டியாயிடுச்சு.

சிராஜுதீன்: கண்ணாடியிலயா...

இராமதாஸ்: இன்னா பாய், டம்ளரக் கீழ வச்சிட்ட, டீயில ஈ வுழுந்துச்சா?

சிராஜுதீன்: இல்ல... யாரு வச்சாங்களாம்?

இராமதாஸ்: யாரோ. அவ்ளோ கூட்டத்துல எவன் பார்த்தான்.

சிராஜுதீன்: ம்... சரி, எவனோ வச்சான். மறுநா வேலைக்கு வந்ததும் நீ தொடைச்சிருக்கலாம்ல?

இராமதாஸ்: பொட்டப் போயித் தொடைப்பாங்களா?

சிராஜுதீன்: யோவ்! யாரு பேசற பேச்சுய்யா இது? வருஷம் பூரா கறுப்புச் சட்ட! கல்யாணத்துல தாலி வேணாம்னு மாலைய மட்டும் மாத்திக்கிட்ட ஆளு நீ! மாமியாரு விபூதி பூச வந்தா ‘பவுடரா அத்தை?’ன்னு கேட்டவன்!

இராமதாஸ்: வயசாவுதுல்ல.

சிராஜுதீன்: வயசாம். இந்தக் கதையெல்லாம் வேற எவன்கிட்டயாவது சொல்லு.

இராமதாஸ்: அசந்துட்டேன்னு வச்சிக்கயேன்.

சிராஜுதீன்: இத பாரு. உள்ள போயி நடந்தத அப்படியே சொல்லு. நம்பர் மேல பொட்டு இருந்துச்சு, தெரியலன்னு. என் டிவி மேலயும் தப்பு இல்ல, உன் மேலயும் பாதிதான். வேலைய வுட்டுத் தூக்க மாட்டாங்க.

இராமதாஸ்: அப்ப யாரு வச்சான்னு கேப்பாங்க.

சிராஜுதீன்: கேட்டா... யாரோன்னு சொல்லு. இப்ப என்கிட்ட சொன்ன மாதிரி.

இராமதாஸ்: வுட மாட்டாங்க பாய். ஒவ்வொருத்தனா நிக்க வச்சுக் கேப்பாங்க. பாவம், எதுக்கு.

சிராஜுதீன்: யாரு பாவம்?

இராமதாஸ்: வச்சவங்க.

சிராஜுதீன்: யாருன்னு தெரியாதுன்ன?

இராமதாஸ்: ...இன்னொரு டீ சொல்லட்டுமா?

வடிவேல்: இராமதாசண்ணே! இங்கயா குந்திக்கினு இருக்க? கேட்டுலேர்ந்து எவ்ளோ நேரமாக் கத்தறேன். மேனேஜர் ரூமுக்கு வரச் சொல்றாரு.

இராமதாஸ்: நீ போ வடிவேலு. இதோ வந்துட்டேன்.

வடிவேல்: சீக்கிரம் வாண்ணே. செம காண்டுல இருக்காரு.

சிராஜுதீன்: இரு, இரு. எழுந்துக்காத. உள்ள போயி இன்னா சொல்லப் போற?

இராமதாஸ்: நான்தான் சரியாப் பார்க்கலன்னு. உன் டிவிக்கு ஒண்ணும் ஆவாது, கவலப்படாத.

சிராஜுதீன்: லூசாய்யா நீ? வேலை போயிடும்!

இராமதாஸ்: போனாப் போவுது. பழைய மில்லு மூடுனப்ப சும்மாக் கெடந்தவன்தான நானு.

சிராஜுதீன்: அப்ப நீ கெடந்த கெடப்பு எனக்குத் தெரியாதா? உன் பொண்டாட்டி ஆதிலட்சுமி வீராம்பட்டினத்துல அவ அம்மா வூட்டுல போயி இருந்துக்கிட்டு, தெருத் தெருவா இட்லி வித்து உன் புள்ளைங்களுக்குச் சோறு போட்டுச்சு. நீ உப்பளத்துல எங்க அக்கா வூட்டு மாடியில படுத்துக்கிட்டு மோட்டுவளைய வெறிச்சிக்கிட்டு இருப்ப. மறுபடியும் அதுக்கா?

இராமதாஸ்: அத எதுக்கு இப்ப எடுக்கற... ராத்திரி பூரா தூக்கமில்ல. கைய வுடு. கூப்பிடறாங்க.

சிராஜுதீன்: நானும் வரேன்.

இராமதாஸ்: நீ எதுக்கு?

சிராஜுதீன்: நான்தான்யா வச்சேன்!

இராமதாஸ்: கத்தாத.

சிராஜுதீன்: கத்துவேன்! உன் கூட வேல பாக்குற ஜெயம் அக்கா சந்தனக் கிண்ணத்த நீட்டிச்சி. ‘பாய், நீங்க செஞ்ச பொட்டி, ஒண்ணுக்காவது நீங்க வைங்க’ன்னுச்சி. எனக்கு எங்க வைக்கணும்னு தெரியுமா? நெத்தின்னா நடுவுலதான்னு நெனச்சேன். டிவி அப்ப அணைஞ்சு கெடந்துச்சு, நம்பரு எங்க வரும்னு கூட யோசிக்கல. நாலு பேரு என்னையும் சேத்துக்கிட்டாங்களேன்னு ஆசையா வச்சேன்யா...

இராமதாஸ்: பாய், மெதுவா. முல்லா வீதியில உங்க வூடு வரைக்கும் கேக்கும். நீ பொட்டு வச்சது உங்க அத்தா காதுல வுழுந்தா...

சிராஜுதீன்: வுழட்டும்! அவருக்குப் பயந்துதான் இவ்ளோ நேரம் உன் எதிர்லயே ஒண்ணும் தெரியாதவன் மாதிரி டீ குடிச்சிக்கிட்டிருந்தேன். தூ... நானும் ஒரு மனுசன். நட, நானே மேனேஜர்கிட்ட சொல்றேன். டிவிய வேணும்னா கழட்டட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன் ராமதாசு... சாமியே இல்லன்னு சொல்ற ஆளு நீ. ஒரு ஈரத் துணியால தொடைச்சிருக்கக் கூடாதா?

இராமதாஸ்: நீ செருப்பக் கழட்டி வுட்டுட்டு, அத வச்சத தூண் பக்கத்துல நின்னு நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன் பாய். ஐயரு வச்சிருந்தா அன்னிக்கே தொடைச்சிருப்பேன்.