நட்டத்திலும் பங்கு

காலைப் பலகாரத்தை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது என் வழக்கம், சார். அன்றும் முடித்துவிட்டுத்தான் பங்குச் சந்தையிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்தேன். எங்கள் இறால் ஏற்றுமதி கம்பெனி இரண்டு வருடமாகக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. அடுத்த மாதம் பங்கு விற்பனை நிறுத்தப்படும், பிறகு பட்டியலிலிருந்தே கம்பெனி நீக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனிச் செயலாளர் என்பதால் முதலில் படித்தவன் நான். கடிதத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். என்னிடமும் எட்டு லட்சத்துக்குப் பங்குகள் இருந்தன.

பெரியபட்டினத்தில் இந்த அப்துல் ஹாதி சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அதனால்தான் காரியம் சுலபமாக முடிந்தது.

ஜஸீலாவின் கணவர் சஃபீர் என் சின்ன வயதுக் கூட்டாளி. சவுதியில், தம்மாமில் வேலையிடத்தில் விழுந்து இறந்துபோனார். நஷ்டஈடாக வந்த எட்டு லட்சம் பேங்கில் கிடந்தது. மகள் சுஹாவுக்கு இதயத்தில் ஓட்டை. பெருநாள் கழிந்து மதுரையில் ஆபரேஷன். அதுவரை பேங்கில் கிடந்தால் வட்டி சேருமே என்பதுதான் ஜஸீலாவின் கவலை.

"பிள்ள வைத்தியத்துல ஹராமான காசு கலந்துரக் கூடாதுண்ணே. நீங்க சொல்ற பங்குல வட்டி இருக்கா?"

"ஒரு பைசா கிடையாதும்மா. லாபத்துலயும் பங்கு, நட்டத்துலயும் பங்கு. அதுனாலதான் அது ஹலாலு. வேணுங்கிறப்ப வித்துக்கலாம்."

வேறொன்றும் அவள் கேட்கவில்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னதுகூட அந்த மாதம் வரைக்கும் உண்மைதான். அந்த எட்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு என் பங்குகளை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். வெளியே வந்து செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன். குற்ற உணர்ச்சி இல்லாதவன் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் சுஹாவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். ஜஸீலா என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"வித்துத் தாங்கண்ணே. பாதி விலைக்குப் போனாலும் பரவால்ல."

விற்பனையை நிறுத்திவிட்டார்கள், வாங்க ஆளில்லை என்று பொறுமையாக விளக்கினேன். தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. அங்கே இங்கே கேட்டுப் பாதிப் பணம் புரட்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. மையத்துக்குத் தோள் கொடுத்தேன், கனமே இல்லை.

கம்பெனி மூழ்கியதற்கு நான் பொறுப்பில்லை, சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட மற்றதற்கும் பதில் சொல்கிறேன். ஜஸீலா வந்த அன்று அவளுடைய எட்டு லட்சமும் என் கணக்கில் அப்படியேதான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால், எனக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும்.