சோற்றுப்பானையை மூடிய வில்லன்

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் ஒரு பழைய காமிக்ஸ் புத்தகம்.

"அண்ணி, இந்த வில்லன் நம்ம ஊர்க்காரன்," என்றாள்.

மூத்தவள் அட்டையைப் பார்த்தாள். "வெள்ளைக்காரனால்ல இருக்கான்?"

"புக்குல சும்மா கெட்டவன் அண்ணி. காரணமே இல்லாம ஊருமேல புழுதிய வாரி அடிப்பான். இதையே படமா எடுத்துருக்காங்கல்ல, இன்னிக்குப் பாத்தேனே, அதுல கதைய மாத்திட்டாங்க. அவன் ஊரச் சுத்தி சிமெண்டுக்குக் கல்லு தோண்டுறாங்க. வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதுது. ஒடனே இவன் ஓடிப்போயி, புழுதி விழாம சோத்துப்பானைய மூடுறான்!"

"நம்ம வூட்டுல மாதிரியா?"

"அதேதான். கொடியில கெடந்த துணிய ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் மடிக்கிறான். தியேட்டர்ல ஒரே விசிலு. நானும் அடிச்சேன்."

"நீயா?"

"ரெண்டு வெரல வச்சு. ஹீரோ பறந்து வந்தப்ப ஒருத்தர்கூட கை தட்டல."

மூத்தவள் புத்தகத்தை வாங்கி, அட்டையிலிருந்த முகமூடிக்காரனை முந்தானையால் துடைத்தாள்.

"கடைசில தோத்துட்டானா?"

"படத்துல தோத்துட்டான்."

மூத்தவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நாளைக்கு நானும் வரேன். விசிலடிக்க இப்பவே சொல்லிக்குடு," என்றாள்.

சொல்லிக்கொடுத்தாள். இரண்டு தடவை வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை, கண்டக்டர்தான் விசிலடிக்கிறார் என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.